தொடர்பு எல்லைக்கு வெளியே: ஒரு முந்திரிக்காட்டு ஊரின் சிக்னல் கணக்கு

கடந்த மே மாதம், முந்திரிக்கொட்டை பொறுக்கும் பருவத்தின் கடைசி வாரம். எனக்குப் பெரியம்மா முறை ஆகிற ஒருவர் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தோப்புக்குள் சருகை விலக்கிக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். கணுக்காலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கூட இருந்தது மருமகள் மட்டும். கையில் போன் இருந்தது, சார்ஜ் இருந்தது, முந்தின நாள்தான் ரீசார்ஜும் செய்திருந்தாள். 108 போட்டாள். அந்தப் பக்கம் எடுத்து, எந்த ஊர், எந்த இடம் என்று கேட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கட் ஆகிவிட்டது. மறுபடி போட்டால் டவர் இல்லை. மரத்துக்கு மரம் மாறி நின்று பார்த்தாள். கடைசியில் மாமியாரை மரத்தடியில் உட்கார வைத்து, காலை அசைக்காதே என்று சொல்லிவிட்டு, அய்யனார் கோயில் மேட்டுக்கு ஓடினாள். மேட்டில் ஏறியதும் முதல் அழைப்பிலேயே பேச முடிந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது, விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பெரியம்மா பிழைத்து வந்தார். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, சிறுநீரகத்தையும் தாக்கும். அதனால் இதில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கணக்கு உண்டு. முதல் அழைப்புக்கும் மேட்டிலிருந்து போட்ட அழைப்புக்கும் நடுவே பதினெட்டு நிமிடம். அவள் போனில் அழைப்பு வரிசையைப் பார்த்து நானே எண்ணினேன். "அத்தையைத் தனியா உட்கார வெச்சுட்டு ஓடினேனே, அதுதான் இன்னும் மனசுல கெடக்கு" என்றாள்.

ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நம்ம ஊர்ல டவர் இல்ல. அதான்." எனக்கு அங்கேதான் இடித்தது. ஏனென்றால் டவர் இருக்கிறது. நான் ஆறு வருடம் செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கும் ஒப்பந்த வேலையில் இருந்தவன். டீசல் ஊற்றுவது, பேட்டரிக்கு வோல்ட் பார்ப்பது, அலாரம் வந்தால் ராத்திரியில் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவது இதெல்லாம் என் பிழைப்பாக இருந்தது. ஊருக்கு வெளியே ரோட்டோரம் நிற்கிற கோபுரத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். இரண்டரைக் கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கரையில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு கோபுரம் இருந்தும் பதினெட்டு நிமிடம் எங்கே போனது என்று பார்க்க உட்கார்ந்ததில்தான் இந்த ஆய்வு தொடங்கியது.

ஊர் இருக்கும் இருப்பு

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் செம்மண் பூமி. பலாவும் முந்திரியும்தான் சோறு போடுகின்றன. கடலூர் மாவட்டம் என்றதும் கடற்கரையும் புயலும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். இந்த மேட்டுப் பூமி வேறு மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் சமதளம் போலத் தெரியும், உள்ளே நடந்தால் ஏற்ற இறக்கம் புரியும். ஊர்த்தெருவும் கோயிலும் ஊராட்சி அலுவலகமும் மேட்டில் இருக்கின்றன. ஓடையை ஒட்டிய பள்ளத்தில் தலித் மக்கள் குடியிருப்பு. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எனவே நான் கீழத்தெரு என்றே எழுதுகிறேன். அந்தத் தெருவில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "பேர மாத்திட்டாங்கண்ணே, டவர எப்ப மாத்துவாங்க?"

டவர் எங்கே நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வண்டி போக ரோடு வேண்டும், கரண்டு கம்பம் பக்கத்தில் இருக்க வேண்டும், வில்லங்கம் இல்லாத பட்டா நிலம் வேண்டும். மூன்றும் சேர்ந்து யாரிடம் இருக்கும்? ரோட்டோரம் நிலம் வைத்திருப்பவரிடம். மாத வாடகையும் அவருக்கே. அவர் பேரில் தப்பில்லை. ஆனால் ஊரின் பழைய மேடு பள்ளம் எப்படிப் பிரிந்திருக்கிறதோ, அலைக்கற்றையும் அப்படியே பிரிந்து விழுகிறது.

பழைய மனுக்கள்

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஊர் சார்பில் மூன்று முறை மனு கொடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் ஒரே வாசகம்: "எங்கள் கிராமத்துக்கு செல்போன் கோபுரம் அமைத்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது, இந்த ஊர் ஏற்கெனவே சேவைப் பரப்புக்குள் இருக்கிறது என்று. ஊரார் இதைத் தட்டிக்கழிப்பு என்று நினைத்தார்கள். பதில் என்னவோ சரிதான். கேள்விதான் தப்பு.

நாட்டில் 6.44 லட்சம் கிராமங்கள் இருக்கின்றன. அதில் 6.2 லட்சத்துக்கு மேற்பட்டவற்றில் மொபைல் சேவை கிடைக்கிறது என்பது அரசுக் கணக்கு. சேவையே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 செப்டம்பர் 27 அன்று பி.எஸ்.என்.எல்.லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி, 97,500-க்கு மேற்பட்ட கோபுரங்களில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதெல்லாம் பெரிய வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் எங்கள் ஊர் எப்போதோ ‘ஆச்சு’ பட்டியலுக்குப் போய்விட்டது. ஊராட்சி அலுவலக வாசலில் நான்கு கோடு காட்டினால் ஊர் முழுக்கக் காட்டியதாக அர்த்தம். மருமகள் நின்ற மரத்தடியில் யாரும் அளந்து பார்க்கவில்லை.

கம்பெனிகள் தங்கள் சேவைப் பரப்பை வரைபடமாக இணையதளத்தில் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ல் கொண்டுவந்த சேவைத் தர விதிகள் சொல்கின்றன. போட்டும் இருக்கிறார்கள். திறந்து பார்த்தேன். எங்கள் ஊர் முழுக்க ஒரே நிறம், தோப்பும் ஓடையும் உட்பட. அது கணினி போடுகிற கணக்கு. வெட்டவெளியில் நிற்கிற மனிதனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணிப்பது. எங்கள் பெரியம்மா வெட்டவெளியில் கொட்டை பொறுக்குவதில்லை.

நோட்டு

கல்லூரியில் படிக்கிற இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன், ஊர்த்தெருப் பெண் ஒருத்தி, கீழத்தெருப் பையன் ஒருவன். நான்கு கம்பெனி சிம், நான்கு சாதாரண போன், ஒரு நாற்பது பக்க நோட்டு. ஜூன் மாதத்தில் மூன்று வாரம் நடந்தோம்.

போனில் தெரிகிற கோடுகளை நம்பக் கூடாது. அது கம்பெனிக்குக் கம்பெனி, போனுக்குப் போன் மாறும். செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய் சிம் ஸ்டேட்டஸைத் தட்டினால் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 85 என்றால் நன்றாக இருக்கிறது, 105 என்றால் தள்ளாடுகிறது, 115-ஐத் தாண்டினால் பேச்சு அறுந்து விழும். மைனஸுக்குப் பின்னால் வருகிற எண் பத்து கூடினால் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. முப்பது கூடினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதைச் சொன்னபோது அந்தப் பெண், "அப்போ எங்க வீட்டு வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல நூறு பங்கு போயிடுதாண்ணா?" என்று கேட்டாள். ஆமாம், அவள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

ஒவ்வொரு வரியிலும் இடம், நேரம், வீட்டுக்குள்ளா வெளியிலா, எந்த சிம், என்ன எண், அழைப்பு போட்டால் இரண்டு நிமிடம் நின்றதா என்று எழுதினோம். கடைசிக் கேள்விதான் முக்கியம். நோட்டு நிறைய நிறைய, ‘டவர் இல்ல’ என்ற ஒற்றை வாக்கியம் நாலைந்து வேறு வேறு நோய்களாகப் பிரிந்தது.

முதல் நோய் மரம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது எங்கள் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா காலத்து மரங்கள். எங்கள் ஊருக்குக் கரண்டு வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அப்புறம் கரண்டு வந்து டவரும் உயிர்த்தபோது, வீட்டுக்குள் பாயில் படுத்துக்கொண்டே போன் பேச முடிந்தது. ஊரே வெட்டவெளியாகியிருந்தது. அதற்குப் பிறகு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ.3 முந்திரி ஒட்டுக்கன்றுகளை நட்டோம். கன்று வளர வளர சிக்னல் தேய்ந்தது. "மரம் போனப்ப டவர் வந்துச்சு, மரம் வந்தப்ப டவர் போச்சு" என்று ஒரு தாத்தா சொல்வார், அதை நான் வெறும் பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

முழுக்க மரத்தின் மேல் பழி போட முடியாது. அன்றைக்கு இருந்தது 2ஜி, பெரும்பாலும் 900 மெகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அது வளைந்து நெளிந்து இலைகளுக்குள் ஓரளவு புகுந்து வரும். இன்றைக்கு வேகமாக நெட் தருவதற்காக மேலே 1800, 2300 என்று போய்விட்டார்கள். 2300-ல் அலையின் நீளம் 13 சென்டிமீட்டர்தான். முந்திரி இலையும் ஏறக்குறைய அந்த நீளம்தான். அலையும் இலையும் ஒரே அளவில் இருந்தால் இலை அதைச் சிதறடித்துவிடும். இலை நனைந்திருந்தால் உறிஞ்சவும் செய்யும். முந்திரி மரம் தரை வரைக்கும் கவிந்து நிற்கிற குடை. உள்ளே நிற்பவர் பகலிலும் நிழலில் இருக்கிறார், அலைக்கும் நிழலில் இருக்கிறார். தோப்புக்குள் எங்கள் எண்கள் 112-லிருந்து 121 வரை. மழை பெய்த மறுநாள் காலையில் இன்னும் மோசம்.

இரண்டாவது கூரை. ஓலைக் கூரை வீடுகளில் உள்ளேயும் வெளியேயும் பெரிய வித்தியாசம் இல்லை. காங்கிரீட் தொகுப்பு வீடுகளில் நடு அறையில் போன் செத்துப்போகிறது. தகரம் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். 2010-ல் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக மாற்றும் திட்டம் வந்தது, அடுத்து பசுமை வீடு, இப்போது கனவு இல்லம். கீழத்தெருவில் குடிசை என்று இப்போது ஒன்றிரண்டுதான் இருக்கிறது. மழைக்கு ஒழுகாத வீட்டில் சிக்னலும் ஒழுகி உள்ளே வராது என்பதை யாரும் முன்கூட்டி யோசித்திருக்க மாட்டார்கள். அதனால் அந்தத் தெருவில் போன்கள் எல்லாம் ஜன்னலில் கட்டித் தொங்குகின்றன. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறார்கள். வீட்டு ரகசியம் தெருவுக்கே தெரிகிறது. மருமகள் தன் அம்மாவிடம் என்ன பேசினாள் என்று மாமியாருக்கு யாரும் வந்து சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

மூன்றாவது நெரிசல். மேட்டில் ராத்திரி ஏழிலிருந்து பத்து வரை எண் 88, 90 என்று அருமையாக இருக்கிறது. நெட் மட்டும் நகராது. இது சிக்னல் குறைவு இல்லை, ஒரே குழாயில் ஊரே தண்ணீர் பிடிக்கிற கதை. இதை அதிகம் நோண்டவில்லை. வீடியோ நின்று நின்று ஓடுவதற்கும் 108 கட் ஆவதற்கும் ஒரே எடை போட எனக்கு மனசு வரவில்லை.

நான்காவதுதான் நாங்கள் எதிர்பார்க்காதது. முந்திரி உடைக்கிற ஆலை ஒன்று ஊர் முனையில் இருக்கிறது. அதைச் சுற்றி நூறு மீட்டருக்குள் ஒரு குறிப்பிட்ட கம்பெனி சிம்மில் எண் பிரமாதமாக இருக்கிறது, 75 வரைக்கும். ஆனால் அழைப்பு நிற்கவில்லை. மூன்று நாள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தோம். ஆலை மொட்டை மாடியில் சின்னதாக ஒரு ஆன்டெனா இருந்தது. ஆன்லைனில் வாங்கிய சிக்னல் பூஸ்டர். முதலாளி தன் ஆபீஸ் அறையில் பேசுவதற்காக மாட்டியிருந்தார். தனியார் இப்படிப் பூஸ்டர் மாட்டுவது சட்டப்படி குற்றம், உரிமம் பெற்ற கம்பெனிதான் மாட்டலாம். அந்தச் சட்டத்தில் அர்த்தம் இருக்கிறது. இந்த மலிவுச் சாமான் டவரிலிருந்து வருவதைப் பெருக்குவதோடு நிற்பதில்லை, டவருக்குப் போகிற பக்கத்தில் இரைச்சலைக் கொட்டுகிறது. டவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது டவருக்குக் கேட்காது. ஒருவர் அறைக்குள் நாலு கோடு வருவதற்காகச் சுற்றியிருந்த வீடுகளின் பேச்சு அறுந்துகொண்டிருந்தது. முதலாளியிடம் பக்குவமாகச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கடைக்காரன் இதச் சொல்லலையே தம்பி" என்றார். அன்றைக்கே கழற்றினார்.

ஐந்தாவது கரண்டு. இதைக் கடைசியில் சொல்கிறேன்.

யாருக்கு என்ன போகிறது

போன் இல்லாவிட்டால் என்ன, முன்னெல்லாம் வாழவில்லையா என்று ஊரிலேயே சில பெரியவர்கள் கேட்டார்கள். முன்னெல்லாம் போன் விருப்பமாக இருந்தது. இப்போது அரசாங்கம் செய்கிற பாதி காரியம் போன் வழியாகத்தான் நடக்கிறது.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளத்திலும் வருகைப் பதிவு செல்போன் செயலியில்தான். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, வேலை இடத்திலேயே போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். ஓடைப் பள்ளத்தில் வேலை நடந்தால் பணித்தளப் பொறுப்பாளர் போட்டோவை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்துவர வேண்டும். ஏறாவிட்டால் அன்றைக்கு வேலை செய்ததற்கான அத்தாட்சி இல்லை. 2025-26-ல் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. எங்கள் பணித்தளத்தில் ஒரு வாரத்தில் இரண்டு நாள் இப்படிப் போராட்டம். பொறுப்பாளர் பெண் தன் கைக்காசில் இரண்டாவது சிம் வாங்கினாள். அந்த சிம்மும் பயன்படவில்லை. காரணம் கீழே.

ரேஷன் கடையில் கைரேகை வைக்கிற கருவிக்கும் சிக்னல் வேண்டும். விற்பனையாளர் அதை ஜன்னல் கம்பியில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, வரிசையில் நிற்கிற கிழவியை "கையை வை பாட்டி, அழுத்தி வை" என்று சொல்கிற காட்சியைக் கடலூர் மாவட்டத்தில் வேறு ஊர்களிலும் பார்த்திருக்கிறேன். வங்கியின் ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறிவிட்டதா என்ற குறுஞ்செய்தி மூன்று நாள் கழித்து வரும், அதற்குள் பாங்குக்கு இரண்டு நடை போயிருப்பார்கள். கொரோனா காலத்தில் பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காகத் தண்ணீர்த் தொட்டி ஏணியில் உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

டவர் வேண்டாம் என்றதும் இந்த ஊர்தான்

இதையும் எழுதியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி கோபுரம் போட நிலம் பார்த்தது. கதிர்வீச்சு வரும், குருவி செத்துவிடும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று சொல்லி ஊர்தான் திருப்பி அனுப்பியது. இந்தியாவில் கோபுரக் கதிர்வீச்சுக்கு 2012 செப்டம்பரிலிருந்து உலக அளவிலான வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. தரங் சஞ்சார் என்ற அரசு இணையதளத்தில் ஊரைத் தேடி எந்தக் கோபுரம் வரம்புக்குள் இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம். கிராம சபையில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் நம்பவில்லை. ஒரு விஷயம் மட்டும் எடுபட்டது. டவர் தூரத்தில் இருந்தால் போன் தன் முழு பலத்தையும் போட்டுக் கத்த வேண்டியிருக்கும், டவர் பக்கத்தில் இருந்தால் மெல்லப் பேசினால் போதும். காதோரம் ஒட்டிக்கொண்டிருப்பது டவரா போனா என்று கேட்டேன். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

புகார்

இந்த முறை ‘டவர் வேண்டும்’ என்று எழுதவில்லை. நோட்டில் இருந்ததை அப்படியே புகாராக்கினோம். வாடிக்கையாளர் புகார் எண் 198. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு பதிவு எண் தருவார்கள், அதை வாங்காமல் போனை வைக்கக் கூடாது. கீழத்தெருவில் ஒரே கம்பெனி சிம் வைத்திருந்த பதினொரு பேர், ஜூலை முதல் வாரத்தில், ஒரே இடத்தையும் நேரத்தையும் சொல்லித் தனித்தனியாகப் புகார் செய்தார்கள். ‘உங்கள் பகுதியில் சிக்னல் சரியாக இருக்கிறது’ என்று பதினொரு பேருக்கும் செய்தி வந்து புகார் முடிக்கப்பட்டது. இங்கேதான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். அதற்கு மேலே அதே கம்பெனிக்குள் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது 2012 விதி. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் 39 என்று என்னைக் கேட்காதீர்கள்.

பதினொரு மேல்முறையீடுகளோடு நோட்டின் நகலை வைத்தோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமும் போட்டோம், அதிலும் இடம், நேரம், எண். ஊராட்சியைக் கவனித்துக்கொண்டிருந்த தனி அலுவலர் முதலில் தயங்கினார், இதெல்லாம் ஊராட்சி அதிகாரத்தில் வராதே என்றார். அதிகாரம் இல்லாவிட்டாலும் பேப்பர் இருக்கட்டும் என்று செயலர் சொன்னார். அனுபவசாலி.

ஆகஸ்ட் கடைசியில் வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். லேப்டாப், ஒரு கைக்கருவி. நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் எனக்கு முன்பே பழக்கம், அவர் சொன்னது: "ஊர்ல டவர் இல்லன்னு வந்தா நாங்க எங்க போய்த் தேடுறது? இந்த மாதிரி எழுதிக் குடுத்தா ஒரு நாள்ல பார்த்துடலாம்." கோபுரத்தில் பொதுவாக மூன்று திசைக்கு மூன்று ஆன்டெனா. எங்கள் பக்கம் பார்க்க வேண்டிய ஆன்டெனா கிளாம்ப் தளர்ந்து நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியிருந்தது. 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் காற்றில்தான் திரும்பியது என்று ஊர் சொல்கிறது. கிளாம்பில் இருந்த துருவைப் பார்த்தால் அதற்கும் முந்தையது என்று எனக்குப் படுகிறது. ஏறி, திருப்பி, முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தி இறுக்கினார்கள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. புதிதாக ஒரு ரூபாய்ச் சாமான் கூட வரவில்லை.

செப்டம்பரில் மறுபடி அளந்தோம். கீழத்தெரு வாசல்களில் 110 இருந்த இடத்தில் 96, 98. பெரியம்மா உட்கார்ந்திருந்த மரத்தடியில் 109. இரண்டு நிமிட அழைப்பு ஐந்துக்கு நான்கு முறை நின்றது. காங்கிரீட் வீட்டு நடு அறைகள் இன்னும் அப்படியேதான். அதற்கு வைஃபை வழி அழைப்பு ஒரு வழி. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் பெரிய கம்பெனிகள் இதைக் கொண்டுவந்துவிட்டன, கூடுதல் கட்டணம் இல்லை, போனில் ஒரு பொத்தானைத் திறந்தால் போதும். கண்ணாடி இழை இணைப்பு வந்திருக்கிற ஊராட்சிக் கட்டடத்தில் பேசிப் பார்த்தோம், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரித் தெளிவாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு வைஃபை யார் போடுவது? கீழத்தெருவில் இப்போதைக்கு இரண்டு வீட்டில் இருக்கிறது.

இன்னொன்றும் இந்த அலைச்சலில் தெரிந்தது. போனில் ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’ என்று வந்தால் நம் கம்பெனி இல்லை, வேறு ஏதோ கம்பெனியின் சிக்னல் இருக்கிறது என்று பொருள். அவசர உதவி எண் 112 போட்டால் அந்த வேற்றுக் கம்பெனி வழியாகவே போக வழி உண்டு. ஊரில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு வருடம் டவரில் வேலை பார்த்தும் நான் யாருக்கும் சொன்னதில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கரண்டு போனால்

மூன்று கம்பெனிகளின் ஆன்டெனாவும் ரோட்டோரத்து ஒரே கோபுரத்தில்தான் இருக்கின்றன. கோபுரத்துக்குச் சொந்தக்காரர் வேறொரு நிறுவனம், செல் கம்பெனிகள் அதில் குடித்தனம். செலவைக் குறைக்க நாடு முழுக்க இப்படித்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் பேட்டரியும் ஜெனரேட்டரும் எல்லோருக்கும் பொது. அது அணைந்தால் மூன்றும் ஒன்றாக அணையும். பணித்தளப் பொறுப்பாளர் கைக்காசு போட்டு வாங்கிய இரண்டாவது சிம் ஏன் உதவவில்லை என்றால், அதுவும் அதே கோபுரத்துக் குடித்தனக்காரர்தான். இரண்டு கம்பெனி சிம் வைத்திருந்தால் பத்திரம் என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் வேலையில் இருந்தபோது அந்த பேட்டரி ஆறு மணி நேரம் தாங்கும். இப்போது 5ஜி பெட்டிகள் ஏறிவிட்டன, சுமை கூடிவிட்டது, பேட்டரிக்கு வயசாகிவிட்டது. ஜூனில் ஒரு ராத்திரி கரண்டு எட்டே காலுக்குப் போனது. பையன் கோயில் மேட்டில் நான்கு போனோடு உட்கார்ந்தான். பத்து ஐந்துக்கு மூன்று சிம்மும் ஒரே நொடியில் போயின. ஏரிக்கரைக் கோபுரத்து நான்காவது சிம் மட்டும் 117-ல் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஒரு மணி ஐம்பது நிமிடம், அவ்வளவுதான்.

புயல் மாவட்டத்தில் இந்த எண்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. பேரிடர் எச்சரிக்கையை எல்லாப் போனிலும் அலறவைக்கும் முறையை 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதித்தார்கள், நல்ல சத்தம். டவர் செத்திருந்தால் அது யார் போனில் அலறும்? மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும் என்று 2024 விதிகள் சொல்கின்றன. ஒரு கோபுரம், ஒரு ஊர், ஒரு ராத்திரி என்பதற்கு அதில் இடம் இல்லை. பேரிடர் நேரத்தில் எந்த சிம்முக்கும் எந்த டவரையும் திறந்துவிடும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கும் முதலில் ஏதோ ஒரு டவர் உயிரோடு இருக்க வேண்டும்.

பேட்டரிக்காக செப்டம்பர் மூன்றாம் வாரம் தனிப் புகார் போட்டோம். கோபுரச் சொந்தக்காரர் எங்களுக்கு எதிர்த்தரப்பு இல்லை, எங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமே கிடையாது. அதனால் சிம் கம்பெனியிடம்தான் கேட்க முடியும். கம்பெனி, அது எங்கள் பேட்டரி இல்லை என்கிறது. மேல்முறையீட்டில் நேரத்தை மட்டும் எழுதினோம்: எட்டே கால், பத்து ஐந்து. பிறகு ஐப்பசியில் இன்னொரு மின்வெட்டில் எடுத்த நேரத்தையும் சேர்த்தோம். அது ஒரு மணி நாற்பது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. பெரியம்மா வெறுங்காலோடு தோப்புக்குப் போவதை விட்டுவிட்டார், பேரன் வாங்கிக் கொடுத்த பூட்ஸைச் சிணுங்கிக்கொண்டே போட்டுக்கொள்கிறார். மேல்முறையீட்டு எண் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. 39 நாளில் இன்னும் பதினொரு நாள் பாக்கி.